ஒற்றை நங்கூரம்: மாலத்தீவும் ஒரு சிறிய நாட்டின் பாதுகாப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகளும் கேள்வி நேரமும் இதில் சேர்க்கப்படவில்லை.)



பன்னாட்டு உறவுகள் பற்றி எந்தப் பொருளில் வேண்டுமானாலும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். தூத்துக்குடியில் பேசுவதென்றால் எனக்கு மாலத்தீவைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. என் தந்தை தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். அவர் மாலத்தீவின் தலைநகர் மாலே போய்த் திரும்பினால் ஒரு வாரத்துக்கு வீடெல்லாம் மாசிக் கருவாடு மணக்கும். விறகுக் கட்டைபோல் இறுகிக் கிடக்கும் மாசியை அம்மா அம்மியில் வைத்துத் தட்டி நுணுக்குவார். அந்தத் தூளில்தான் எங்கள் வீட்டுச் சம்பலின் ருசி இருந்தது. அந்த நாடு எனக்கு முதலில் வாசனையாகத்தான் அறிமுகமானது. ஆராய்ச்சியெல்லாம் பிறகு வந்தது.

அப்பா அடிக்கடி சொன்ன ஒரு வாக்கை இந்த உரைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். "ஒத்த நங்கூரத்த நம்பி ராத்திரி கண்ணசரக் கூடாதுலே" என்பார். காற்று திரும்பினால், அடியில் பாறை தட்டுப்பட்டால், கயிறு தேய்ந்திருந்தால் ஒரு நங்கூரம் போய்விடும். இரண்டாவது இருந்தால் விடியும்வரை தாங்கலாம்.

சிறிய நாடுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் படையின் அளவிலிருந்து தொடங்குவார்கள். எத்தனை வீரர், எத்தனை கப்பல், எத்தனை விமானம் என்று கணக்கெடுப்பார்கள். முப்பது ஆண்டு மாலத்தீவைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. அந்த நாட்டின் ஆபத்து, இன்றியமையாத ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக இருப்பதில் இருக்கிறது. அந்த ஒன்று அறும்போது கைக்கு எட்டும் அடுத்த கயிறு வெளியாருடையதாக இருக்கிறது. அதை எப்போது பிடிப்பது, எந்த நிபந்தனையில் பிடிப்பது, எப்போது விடுவது என்பதுதான் அதன் பாதுகாப்புக் கொள்கை. இதையே சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. நிலம் கொஞ்சம், கடல் அதிகம்

இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை அவன் வென்றதாகக் கூறுகிறது. அது மாலத்தீவுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கிறது. இன்றைய கணக்கில் தீவுகள் ஏறத்தாழ 1,190. மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர் அளவே. ஆனால் இந்தத் தீவுகள் வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கின்றன. நிலநடுக்கோட்டைத் தாண்டியும் போகின்றன. அவற்றைச் சுற்றி அந்நாட்டுக்கு உரிமையுள்ள கடல் ஏறத்தாழ 9 லட்சம் சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களில் நான்கில் ஒருவர் வேலைக்கு வந்த வெளிநாட்டவர். ஐந்தில் இருவர் மாலே, ஹுல்ஹுமாலே ஆகிய தலைநகர்ப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.

9 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலை யார் காவல் காப்பது? 2023 அக்டோபரில் நம் தருவைகுளம் மீனவர்களின் படகு ஒன்றை அந்நாட்டுக் கடலோரக் காவல் படை பிடித்துவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வேதனையில் எனக்கும் பங்குண்டு. எனினும் அவர்கள் பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். சூரையை வலைபோட்டு அள்ளாமல் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிற நாடு அது. சுற்றுலாவுக்கு அடுத்தபடி அவர்களுக்குச் சோறு போடுவது அந்த மீன்தான். பெரிய நாட்டுக் கப்பல்கள் அதே கடலில் அள்ளிப் போவதைத் தடுக்கும் வலு அவர்களிடம் குறைவு.

2. ஓர் இரவு, ஓர் ஓடுபாதை

1988 நவம்பர் 3 விடியற்காலையில் ஏறத்தாழ 80 பேர் ஆயுதங்களோடு மாலேயில் இறங்கினார்கள். அவர்கள் இலங்கைத் தமிழ் இளைஞர்கள். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம் எனப்பட்ட புளொட் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை வரவழைத்தவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகர். அதிபர் மௌமூன் அப்துல் கயூமைப் பதவியிலிருந்து இறக்குவது நோக்கம். தமிழில் இந்தச் செய்தியை நாம் அதிகம் எழுதவில்லை. தம் மண்ணின் விடுதலைக்கென்று வீட்டை விட்டுப் போன பிள்ளைகள், தங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத இன்னொரு சிறிய மக்களின் தலைநகரில் கூலிப்படையாகப் போய் இறங்கினார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. சொல்லாமல் போவது அதைவிடத் தவறு.

இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஊரில் 80 துப்பாக்கிகள் போதும். தெருக்கள் சில மணி நேரத்தில் அவர்கள் கைக்குப் போயின. இரண்டு இடங்கள் மட்டும் போகவில்லை. ஒன்று, தேசியப் பாதுகாப்புப் படையின் தலைமையகம். உள்ளே இருந்தவர்கள் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். மற்றொன்று, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில் இருந்த விமான நிலையம். வந்தவர்கள் அதைப் பிடிக்கவில்லை.

வீடு மாறி வீடு ஒளிந்திருந்த கயூம் பல நாடுகளிடம் உதவி கேட்டார். இந்தியா ஆக்ராவிலிருந்து வான்குடைப் படையினரை இல்யூஷின்-76 விமானங்களில் ஏற்றியது. இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் பறந்து அன்றிரவே அவை ஹுல்ஹுலேயில் இறங்கின. ஆபரேஷன் காக்டஸ் என்று அதற்குப் பெயர். தாக்கியவர்களில் ஒரு பகுதியினர் பிணைக்கைதிகளோடு 'புரோகிரஸ் லைட்' என்ற சரக்குக் கப்பலில் தப்பினர். இந்தியக் கடற்படையின் கோதாவரியும் பேட்வாவும் துரத்திச் சென்று அந்தக் கப்பலை மடக்கின.

இந்தக் கதையை நம் நாட்டில் வெற்றிக் கதையாகச் சொல்கிறோம். அது உண்மையும்கூட. ஆனால் மாலேயில் இருந்து பாருங்கள். வந்த 80 பேரில் பத்துப் பேர் படகேறி ஹுல்ஹுலேக்குப் போய் ஓடுபாதையில் நான்கு லாரிகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தால் அன்றிரவு எந்த விமானமும் இறங்கியிருக்காது. தலைநகரை ஒட்டி இருந்தது அந்த ஓர் ஓடுபாதை மட்டுமே. ஓர் அரசு பிழைத்தது எதிரி செய்யத் தவறிய ஒரு வேலையால்.

கயூம் அரசு இதைப் புரிந்துகொண்டது. இதற்கு முன்பே, 1983-இல் கிரெனடா என்ற குட்டித் தீவு நாட்டுக்குள் அமெரிக்கப் படை புகுந்தது. அதன் பிறகுதான் சிறிய நாடுகள் எவ்வளவு எளிதில் உடையக்கூடியவை என்று காமன்வெல்த் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 1985-இல் அறிக்கை வந்தது. அந்தப் பேச்சை ஐக்கிய நாடுகள் அவைக்கு எடுத்துச் சென்றது மாலத்தீவு. சிறிய நாடுகளின் பாதுகாப்புப் பற்றிய தீர்மானம் 1989-இல் அதன் முயற்சியால் பொதுச்சபையில் நிறைவேறியது. தீர்மானம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் படை திரட்ட முடியாத நாட்டுக்கு, தன் ஆபத்தை உலகம் முன்கூட்டியே அறிந்து பெயரிட்டு வைத்திருப்பது ஓர் அரண்.

3. தண்ணீரும் வெங்காயமும்

பவளத்தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்கடியில் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும். மாலேயில் ஆள் பெருகப் பெருக அந்தப் படலம் கெட்டது. இன்று தலைநகர் குடிப்பது, கடல்நீரை எந்திரத்தில் உப்பு நீக்கிக் குழாயில் விடும் நீர்.

2014 டிசம்பர் 4 அன்று அந்த உப்புநீக்கு நிலையத்தில் தீப்பிடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் குழாயில் நீர் நின்றது. போர் இல்லை, எதிரி இல்லை, ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஓர் எந்திரக் கூடத்தில் எரிந்த தீயில் ஒரு தலைநகரம் தாகத்தில் நின்றது. இந்தியா விமானங்களில் தண்ணீரை ஏற்றி அனுப்பியது. கடலிலேயே நன்னீர் உண்டாக்கும் வசதியுள்ள போர்க்கப்பல்களையும் அனுப்பியது. சீனாவும் இலங்கையும் தண்ணீர் அனுப்பின. இராணுவச் சரக்கு விமானத்தின் வயிற்றிலிருந்து குடிநீர்ப் புட்டிகள் இறங்கிய அந்தக் காட்சியைத்தான் என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் காட்டுவேன். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

உணவும் அப்படித்தான். அங்கே நெல் விளையாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டையும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். நம் பழைய துறைமுகத்தில் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். போன மாதம் ஒரு காலை அங்கே நின்றிருந்தேன். ஒரு தோணியின் அடியறையில் ஜல்லி நிரம்பியிருந்தது. அதன் மேல் பலகை பரப்பி வெங்காய மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளுக்கு இடையில் கைநுழையும் அளவு இடைவெளி விட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "காத்து போகலேன்னா மாலே போறதுக்குள்ள முளைவிட்டுரும்ணே" என்றார் ஒரு தம்பி. அந்தக் கையளவு இடைவெளியில் ஒரு நாட்டின் சமையல் இருக்கிறது. அடியில் கிடந்த ஜல்லியில் அதன் வீடுகளும் கடற்சுவரும் இருக்கின்றன.

1981-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட வணிக உடன்பாட்டின் கீழ் இந்தியா ஆண்டுதோறும் மாலத்தீவுக்கென்று தனி ஒதுக்கீடு அறிவிக்கிறது. நம் நாட்டில் விலை ஏறி வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தாலும் அந்த அளவு போய்ச் சேரும். 2024-25-க்கான ஒதுக்கீட்டில் வெங்காயம் 35,749 டன், முட்டை 42 கோடிக்கும் மேல், ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். இரு அரசுகளுக்கும் இடையில் கடுங்கசப்பு நிலவிய நேரத்தில் வந்த அறிவிப்பு அது. இந்த அறிவிப்பு எனக்கு மனநிறைவைத் தந்தது. கூடவே ஒரு கவலையும் உண்டு. தன் அடுப்பு எரிய அண்டை நாட்டு அமைச்சகத்தின் ஆண்டு அறிவிப்பைப் பார்த்திருக்க வேண்டிய நிலை, அறிவிப்பு எவ்வளவு தாராளமாக இருந்தாலும், பாதுகாப்பான நிலை ஆகாது.

சுற்றுலாவும் இப்படி ஒற்றைக் கயிறுதான். 2020-இல் கொரோனாவால் மார்ச் இறுதியிலிருந்து ஜூலை நடுவரை பயணிகள் வரவு நின்றது. அந்த ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

4. பிடித்த கயிறு

இனிதான் கடினமான பகுதி. உதவிக்கு வருகிறவரை எவ்வளவு நாள் வீட்டில் வைத்திருப்பது?

மாலத்தீவுக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. தெற்கே அட்டு பவளத்தீவில் உள்ள கான் தீவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. தளத்தில் வேலை, தளத்தால் வணிகம் என்று அந்தத் தென்பகுதி மக்களின் வாழ்க்கை மாலேயிலிருந்து விலகியது. 1959-இல் தென் பவளத்தீவுகள் மூன்று சேர்ந்து சுவாதீவ் என்ற தனிக் குடியரசை அறிவித்தன. 1963-இல் அது முடிந்தது. அதன் தலைவர் அப்துல்லா அஃபீஃப் செய்ஷெல்ஸுக்குப் போய்விட்டார். பிரிவினைக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் அந்நியர் தளம் ஒன்று சிறிய நாட்டுக்குள் இன்னொரு நாட்டை எப்படி உண்டாக்கும் என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். 1976-இல் பிரித்தானியர் வெளியேறினர். அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியம் அந்தத் தளத்தைக் குத்தகைக்குக் கேட்டது. பணம் தேவைப்பட்ட நாடு அதை மறுத்தது. சிறிய நாடுகளின் வரலாற்றில் மறுப்புகளை நாம் போதிய அளவு பாராட்டுவதில்லை.

இந்தப் பின்னணியில் 2023 தேர்தலைப் பாருங்கள். முகமது முய்சு, இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று முழங்கி வென்றார். அங்கிருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கியவர்கள். தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை மாலேக்குக் கொண்டுவந்தவர்கள். 2024 மே 10-க்குள் அவர்கள் போனார்கள். அவர்கள் இடத்தில் இந்தியாவின் குடிமைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் சீனாவோடு இராணுவ உதவி உடன்பாடு கையெழுத்தானது.

இங்கே நம்மவர்கள் கொதித்தார்கள். அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் சிலர் நம் பிரதமரைப் பற்றி இழிவாக எழுதியது தவறு. அவர்கள் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஆனால் அதற்காக ஒரு முழு மக்களின் பிழைப்பைப் புறக்கணிக்கச் சொல்லி நாம் செய்த ஆர்ப்பாட்டம் நமக்குப் பெருமை சேர்க்கவில்லை. 2023-இல் அங்கே போன சுற்றுலாப் பயணிகளில் முதலிடம் இந்தியர்களுக்கு. அடுத்த ஆண்டே நாம் பின்னுக்குப் போனோம். 140 கோடி பேர் முகம் திருப்பினால் 5 லட்சம் பேர் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்நியச் சீருடை தன் மண்ணில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாலத்தீவுக்கு முழுமையாக உண்டு. 1977-இல் மாஸ்கோவிடம் வேண்டாம் என்றது போலத்தான் இதுவும்.

என் மாறுபாடு வேறிடத்தில். ஒரு நங்கூரத்தை எடுக்குமுன் இன்னொன்று தரைபிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அந்நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு அடிமட்டத்தைத் தொட்டது. கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்கள் அதன் மதிப்பீட்டைக் குறைத்தன. நாட்டின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தியையே தாண்டியிருந்தது. அக்டோபரில் அதே முய்சு டெல்லி வந்தார். 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்று முறையில் பெறும் உடன்பாட்டோடு திரும்பினார். 2025 ஜூலையில் அந்நாட்டின் அறுபதாவது விடுதலை நாளுக்கு நம் பிரதமர் சென்றபோது 4,850 கோடி ரூபாய்க் கடன் வசதி அறிவிக்கப்பட்டது.

மாலேயில் இரண்டு பாலங்கள் இதைக் காட்டி நிற்கின்றன. சீனா உதவியில் கட்டிய பாலம் 2018-இல் திறக்கப்பட்டு மாலேயை விமான நிலையத்தோடு இணைக்கிறது. இன்னொரு பக்கம் வில்லிமாலே, குல்ஹிஃபல்ஹு வழியாகத் திலஃபுஷிவரை இந்திய நிதியில் 6.74 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் எழுகிறது. ஒரு கையைச் சீனாவிடமும் மறு கையை நம்மிடமும் கொடுத்து நடுவில் நிற்கும் நிலை இது. பலர் இதைச் சூழ்ச்சி என்பார்கள். இரண்டு நங்கூரம் போடும் முயற்சி என்றே நான் பார்க்கிறேன். அதில் பிழை இருக்கலாம். வஞ்சகம் இல்லை.

5. உள்ளிருந்து திறக்கும் கதவு

1988-இல் கூலிப்படையை வரவழைத்தவர் அந்நாட்டவரே என்பதை மறக்கக் கூடாது. சிறிய நாட்டில் அரசியல் பகை முகத்துக்கு முகம் நடப்பது. தோற்றவர் ஒதுங்கியிருக்க அங்கே இடமில்லை.

2015 செப்டம்பரில் அதிபர் யாமீன் பயணம் செய்த விசைப்படகில் வெடி வெடித்தது. அவருடைய துணை அதிபர் அகமது அதீப் அடுத்த மாதமே கைதானார். பின்னர் அவருடைய தண்டனைகள் நீக்கப்பட்டன. வேறு விசாரணைகள் தொடர்ந்தன. 2019 ஆகஸ்ட் முதல் நாள் அவர் எங்கே பிடிபட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊருக்கு எதிரே, இங்கிருந்து கல் ஏற்றிப் போய்த் திரும்பிய ஓர் இழுவைப் படகில். தஞ்சம் கேட்டார். இறங்க அனுமதி கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டார். ஜல்லி போன வழியில் ஒரு முன்னாள் துணை அதிபர் வந்தார். வணிக வழி எதுவும் வணிகத்துக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை.

தீவிரவாதமும் இந்த உள்கதவு வழியாகத்தான் நுழைந்தது. 2007 செப்டம்பரில் மாலேயின் சுல்தான் பூங்காவில் வெடித்த குண்டில் வெளிநாட்டுப் பயணிகள் 12 பேர் காயமடைந்தனர். பிறகு மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிகமான இளைஞர்கள் சிரியப் போருக்குப் போன நாடுகளில் மாலத்தீவும் ஒன்றானது. 2021 மே மாதம் நாடாளுமன்றத் தலைவர் முகமது நஷீத் தன் வீட்டு வாசலில் குண்டுத் தாக்குதலில் படுகாயமுற்றார். நெரிசலான தலைநகரில் வேலையின்றி, போதையில் சிக்கி, பெரியவர்களின் கட்சிப் பகையைப் பார்த்தபடி வளரும் பிள்ளைகளை மீட்க எந்த நாட்டு விமானமும் வந்து இறங்காது. அதை அவர்கள்தான் செய்ய வேண்டும்.

6. கடல்

கடல் ஏறிவரும் ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அந்த அக்டோபரில் கயூம் ஐ.நா. பொதுச்சபையில், தன் நாடு மூழ்கக்கூடும் என்று எச்சரித்தார். புவி வெப்பம் அன்றாடச் செய்தியாகாத காலம் அது. ஜப்பான் உதவியோடு மாலேயைச் சுற்றிக் கான்கிரீட் அரண் எழுந்தது. 2004 சுனாமியில் அந்த அரண் தலைநகரைக் காத்தது. ஆனால் மற்றத் தீவுகளில் நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். சேதம் ஓராண்டு நாட்டு உற்பத்தியில் 62 விழுக்காடு. கந்தொல்ஹுதூ என்ற தீவையே மக்கள் கைவிட்டார்கள். துவாஃபரு என்ற வெற்றுத் தீவில் அவர்களுக்கு ஊர் கட்டிக் கொடுக்கப்பட்டது. ஒரு சிறிய நாட்டில் இரண்டாவது நங்கூரம் என்பது சில வேளை இரண்டாவது தீவு.

அன்பர்களே, இந்த ஊர்க்காரர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய தோணிகள் கடலுக்குப் போவதில்லை. 2020-இல் தூத்துக்குடியிலிருந்து கொச்சி, குல்ஹுதுஃபுஷி வழியாக மாலேக்கு நேரடிச் சரக்குக் கப்பல் தொடங்கியது. அதற்கு முன் அந்த மாதங்களில் மாலேயில் எது தீர்ந்தது, எது விலை ஏறியது, யார் கடனுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் இந்த ஊரின் தோணி உரிமையாளர் வீடுகளில் கணக்குப் புத்தகங்களாகக் கிடக்கின்றன. என் தந்தையின் சரக்குச் சீட்டுகளை நான் பாதுகாக்கத் தவறிவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பவற்றை இந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் படியெடுத்துத் திருப்பித் தருவார்கள். துறைத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் திங்கட்கிழமை முதல் மாலை நான்கு மணிக்கு மேல் அவர்கள் நூலகத்தில் இருப்பார்கள்.